கட்டு விழும் நாட்கள்

"டியூப் விட்டாங்க, கட்டுப் போட்டாங்க, ரத்தம் நின்னுடுச்சு." அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சுற்றிய நம் குடியிருப்புகளில் இந்த வாக்கியத்தைக் கேட்காத தெரு குறைவு. ரத்த வாந்தி எடுத்து, நள்ளிரவில் ஆட்டோவிலோ 108 வண்டியிலோ தூக்கிப் போகப்பட்டவர், நாலைந்து நாளில் நடந்தே வீடு திரும்புகிறார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. எட்டாம் நாளோ பத்தாம் நாளோ அதே மனிதர் மறுபடி ரத்தம் கக்குகிறார், அல்லது தார் போலக் கறுப்பாக மலம் போகிறார். இந்த முறை திரும்பி வராதவர்களும் உண்டு. அப்போது தெரு சொல்வது வேறு: "டியூப் விட்டுத்தான் கெடுத்துட்டாங்க", அல்லது "குடிச்சிருப்பான், வேற என்ன?"

இரண்டுமே பெரும்பாலும் பொய். நடுவில் ஒரு உண்மை இருக்கிறது. அதைச் சொல்லித் தராமலேயே நம்மவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ரத்த வாந்தி எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் திரும்பும் ரத்தம் முழுவதும் ஒரு பெரிய குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் நுழைந்துதான் இதயத்துக்குப் போக வேண்டும். ஈரல் தழும்பேறிச் சுருங்கிப் போனால் (டாக்டர்கள் சிரோசிஸ் என்பது இதைத்தான்) அந்த வழி அடைபடுகிறது. கால்வாய் அடைத்தால் தண்ணீர் பக்கத்துச் சந்துகளில் ஏறுவது போல ரத்தம் மாற்று வழி தேடுகிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதியில், இரைப்பையோடு சேரும் இடத்தில், மெல்லிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. அவை இந்தப் பாரத்தைத் தாங்காமல் புடைத்து, நெளிந்து, முடிச்சு முடிச்சாக வீங்குகின்றன. மருத்துவமனையில் 'வேரிசஸ்' என்று எழுதுவார்கள். வலி கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது. ஒருநாள் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். லிட்டர் கணக்கில் ரத்தம் போகும்.

குடியால் மட்டுமே இது வருகிறது என்ற நினைப்பை முதலில் விட வேண்டும். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் பி, சி ஆகிய இரண்டும் ஆண்டுக்கணக்கில் ஈரலுக்குள் தங்கி அதைச் சுருக்குகின்றன. சர்க்கரை நோயும் உடல் பருமனும் சேர்ந்து கொழுப்பேறிய ஈரலும் இதே இடத்தில் வந்து முடிகிறது. ஒரு சொட்டு சாராயம் அறியாத பெண்கள் இந்த வார்டுகளில் படுத்திருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகள்கூட ரத்த வாந்தி எடுக்கிறார்கள். அவர்களுக்கு ஈரல் நன்றாகவே இருக்கும், ஈரலுக்குப் போகும் குழாய் உறைந்து அடைத்திருக்கும். இந்தியாவில் குழந்தைகளுக்கு வரும் பெரிய ரத்த வாந்திகளுக்கு இது முக்கியமான காரணம். ஆனால் நம் தெருவிலிருந்து ஒருவர் இந்த நோயோடு போய் நின்றால், பெயரும் முகவரியும் எழுதும் இடத்திலேயே 'குடி' என்ற சொல் கேஸ் சீட்டில் ஏறிவிடுகிறது. கேட்டு எழுதினால் குற்றமில்லை, சிகிச்சைக்கு அது தேவைதான். கேட்காமலே எழுதுவதைத்தான் சொல்கிறேன்.

இனி அந்தக் 'கட்டு'. வாய் வழியாக விடும் குழாயின் நுனியில் ஒரு தெளிவான மூடி மாட்டியிருப்பார்கள். அதன் மேல் ஐந்தாறு சின்ன ரப்பர் வளையங்கள் இழுத்து மாட்டப்பட்டிருக்கும். புடைத்த குழாயை அந்த மூடிக்குள் உறிஞ்சி இழுத்து, ஒரு நூலைச் சுண்டினால் வளையம் நழுவி அதன் கழுத்தை இறுக்கும். கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டு வருவார்கள். மூல நோய்க்கு ரப்பர் வளையம் போடும் பழைய முறையைப் பார்த்து, அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஸ்டீக்மன் என்ற அறுவை மருத்துவர் 1980களில் இதை உணவுக்குழாய்க்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு ஊசி போட்டு மருந்து செலுத்திக் குழாயை உறைய வைப்பார்கள். அது 1939இல் ஸ்வீடனில் தொடங்கிய முறை. அந்த ஊசியால் ஆழமான புண்ணும், உணவுக்குழாய் சுருங்கிப் போவதும், சில நேரம் ஓட்டை விழுவதும், மார்புக்குள் சீழ் பிடிப்பதும் நேர்ந்தன. 1992இல் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு வெளியான ஆய்வுக்குப் பிறகு வளையமே முதல் சிகிச்சையாக நிலைத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த ரத்தப்போக்கு வந்தால் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தார்கள். இன்று ஆறு வாரத்துக்குள் இறப்பவர் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபது பேர். அவ்வளவு தூரம் வந்திருக்கிறது வைத்தியம். அதனால் 'டியூப் விட்டுக் கெடுத்தார்கள்' என்ற பேச்சைக் கேட்டு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

ஆனால் வளையம் போட்டதோடு வேலை முடிவதில்லை. கழுத்து இறுகிய குழாய் ரத்தம் இல்லாமல் செத்து, மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வளையத்தோடு சேர்ந்து உதிர்ந்து விழும். அது மலத்தோடு போய்விடும், யாருக்கும் தெரியாது. விழுந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு புண் இருக்கும். ஆறு வளையம் என்றால் ஆறு புண். எல்லோருக்கும் வரும் புண் இது, சிகிச்சையின் ஒரு பகுதி. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் தானே ஆறிவிடும். நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவர்களுக்கே அந்தப் புண் வாய் திறந்து ரத்தம் கொட்டும். யாருக்கு? ஈரல் ஏற்கெனவே மிக மோசமாகக் கெட்டிருப்பவர்களுக்கு, வயிற்றில் நீர் கட்டியிருப்பவர்களுக்கு, ரத்தம் உறையும் தன்மை குறைந்தவர்களுக்கு, ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போதே அவசரமாகக் கட்டுப் போடப்பட்டவர்களுக்கு. அதாவது ரத்தம் கக்கிய பிறகே முதல்முறையாக ஆஸ்பத்திரி வாசல் மிதிப்பவர்களுக்கு. நம்மவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள்.

அது நடக்கும் காலமும் தெரிந்ததே. பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள், சிலருக்கு மூன்று வாரம் வரை. நோயாளி வார்டில் இருக்கும் நாட்கள் அல்ல இவை. வீட்டில் இருக்கும் நாட்கள், பலர் வேலைக்குத் திரும்பிவிடும் நாட்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆவடிப் பக்கம் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்த்த ஒருவருக்காக ஓர் அரசு மருத்துவமனைக்கு அலைய நேர்ந்தது. கட்டுப் போட்டு ஐந்தாம் நாள் அனுப்பினார்கள். கையில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சீட்டு. அதில் மாத்திரைப் பெயர்களும், மூன்று வாரம் கழித்து வர வேண்டிய தேதியும் இருந்தன. ஏழாம் நாள் அவர் குப்பை வண்டி தள்ளப் போய்விட்டார். போகாவிட்டால் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார் என்றார். நெஞ்சுக்குள் எரிகிறது என்று மெடிக்கலில் சொல்லி நாலு மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். ஒன்பதாம் நாள் விடியற்காலை ரத்தம். அவர் பிழைத்தார். அந்த நாலு மாத்திரை என்னவென்று வார்டில் இருந்த பயிற்சி டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்துச் சொன்னபோதுதான் எனக்கே விளங்கியது.

கட்டுப் போட்ட பிறகு இரண்டு மூன்று நாள் நெஞ்சு வலியும், விழுங்கும்போது அடைப்பும், லேசான காய்ச்சலும் வருவது வழக்கம். நம் பகுதியில் வலி என்றால் டாக்டரிடம் போவதில்லை, தெருமுனை மெடிக்கலில் "உடம்பு வலி செட்" கேட்போம். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சின்னதாக ஒன்று என்று பிரித்துக் கொடுப்பார்கள். அதில் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுப்ரோஃபன் இவற்றில் ஒன்று கட்டாயம் இருக்கும், சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். புண் உள்ள உணவுக்குழாய்க்கும் சுருங்கிய ஈரலுக்கும் இவை விஷம். ரத்தம் கொட்ட வைக்கும், சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். வலி தாங்கவில்லை என்றால் டாக்டரைக் கேட்டு, அவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும் போடலாம். புண் ஆற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைக் கொடுத்திருப்பார்கள், பெரும்பாலும் பான்டோபிரசோல். அதைக் 'கேஸ் மாத்திரைதானே' என்று விட்டுவிடக் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் ஆஸ்பத்திரி அட்டவணை என்னைச் சிரிக்க வைக்கும். இட்லி, ஆப்பிள், பால், ஓட்ஸ். நம் வீட்டில் என்ன வேகிறது என்று எந்த உணவியல் நிபுணரும் கேட்டதில்லை. நானே சொல்கிறேன். முதல் நாள் ஆறிய கஞ்சி, மோர், இளநீர். அடுத்து ஒரு வாரம் குழைய வேகவைத்த சோறு, மசித்த பருப்பு, ஊறிய இட்லி, அவித்த முட்டையைப் பிசைந்தது. சூடாக எதுவும் வேண்டாம். முறுக்கு, அப்பளம், வறுத்த கருவாடு, முள் மீன், எலும்போடு கறி, மெல்லக் கடினமான மாட்டுக்கறித் துண்டு இவையெல்லாம் புண்ணைக் கீறும், அந்த இரண்டு வாரம் தொடக் கூடாது. அதற்குப் பிறகு கறி ஆகாது என்று யாராவது பத்தியம் சொன்னால் கேட்க வேண்டியதில்லை. ஈரல் நோயாளிக்குச் சதை கரைவதுதான் பெரிய ஆபத்து, புரதம் கூடுதலாகவே வேண்டும். குழைய வெந்த மாட்டுக்கறி நல்ல புரதம். வயிற்றில் நீர் கட்டியவர்களுக்குத்தான் உப்புக்கண்டமும் கருவாடும் ஊறுகாயும் பகை. காரணம் உப்பு, கறி அல்ல. இரவு படுக்கும் முன் ஒரு டம்ளர் கஞ்சியோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுப் படுப்பது நல்லது. நீண்ட நேரம் பட்டினி கிடப்பது இந்த உடம்புக்கு ஆகாது.

வார்டில் நடப்பவற்றுக்கு வருவோம். இங்கேதான் நம்பிக்கை உடைகிறது. உடைவதற்குப் பாதிக் காரணம் யாரும் எதையும் விளக்காதது.

முதலாவது ரத்தம் ஏற்றுவது. வாளி நிறைய ரத்தம் கக்கியவருக்கு ஒரு பாட்டில் ஏற்றிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வெளியே நிற்கும் அண்ணன் தம்பிகள் ரத்தம் கொடுக்கத் தயாராக நிற்கிறார்கள், உள்ளே வேண்டாம் என்கிறார்கள். "நம்ம ஆளுன்னுதான் இப்படி" என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. தோன்றுவதற்கு நம் அனுபவத்தில் ஆயிரம் நியாயம் உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் டாக்டர் செய்வது சரி. ரத்தத்தை அதிகம் ஏற்றினால் அடைபட்ட குழாயில் அழுத்தம் கூடி, நின்ற ரத்தம் மறுபடி வெடிக்கும். 2013இல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே போனால்தான் ஏற்றுவது, ஏழு எட்டில் நிறுத்துவது என்பது இன்று உலகம் முழுவதும் உள்ள நடைமுறை. பணக்காரன் வந்தாலும் அதுதான். இதை இரண்டு வரியில் வெளியே வந்து சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை என்பதுதான் பிரச்சினை. சொல்லாமல் விட்டால், நூறு தலைமுறையாக மறுக்கப்பட்டவன் அதையும் மறுப்பாகத்தான் படிப்பான்.

இரண்டாவது காத்திருப்பு. போனதும் டியூப் விடாமல் ஊசியும் குளுக்கோஸுமாகப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்பது அடுத்த புகார். ரத்தக்குழாயின் அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைட், கிருமித் தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாடிக், இவை இரண்டும் டியூபுக்கு முன்பே தொடங்கியாக வேண்டும். ஈரல் நோயாளி ரத்தம் கக்கும்போது கிருமி சுலபமாக உடம்பில் ஏறுகிறது, அந்த ஆன்டிபயாடிக் ஊசியே பல உயிரைக் காப்பாற்றுகிறது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஓரளவு நிலைக்கு வந்த பிறகு, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் டியூப் விட வேண்டும் என்பது விதி. மயக்கத்தில் இருப்பவர் என்றால் முதலில் மூச்சுக்குழாய்க்கு டியூப் போட்டுப் பாதுகாக்க வேண்டும். இல்லாவிட்டால் இரைப்பையில் தேங்கிய ரத்தம் நுரையீரலுக்குள் போய்விடும். இந்தச் சிகிச்சையில் டாக்டர்களே அதிகம் அஞ்சும் விபத்து அதுதான். ஆக, மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள் என்றால் கோபப்பட வேண்டாம். வெள்ளி இரவு போனவருக்குத் திங்கள் காலைதான் டியூப் என்றால் கட்டாயம் கோபப்படுங்கள். எந்தக் கோபம் நியாயம் என்று தெரிந்து கோபப்பட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, "டியூப் விட்ட பிறகு புத்தி பேதலிச்சிடுச்சு." இதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். இரண்டு காரணங்கள். குடலுக்குள் இறங்கிய ரத்தம் செரித்து அம்மோனியாவாக மாறுகிறது, கெட்ட ஈரலால் அதை வடிகட்ட முடியாது, மூளை மந்தமாகிறது. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, கை நடுக்கம், வீட்டு ஆட்களையே தெரியாமல் போவது. இதற்குத்தான் லாக்டுலோஸ் என்ற இனிப்பு மருந்தைக் கொடுத்து தினம் இரண்டு மூன்று முறை மலம் போக வைக்கிறார்கள். "பேதி ஆகுது" என்று வீட்டில் அதை நிறுத்திவிடுகிறோம். பேதி அல்ல அது, வைத்தியமே அதுதான். இன்னொரு காரணம், பல ஆண்டு குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாள் வரும் நடுக்கமும் பிதற்றலும். கட்டிலோடு கட்டிப் போட்டுவிடுவார்கள். பார்க்கிற பிள்ளைகளுக்கு நெஞ்சு வெடிக்கும். கடைசியாக எப்போது குடித்தார், எவ்வளவு என்பதைச் சேர்க்கும்போதே மறைக்காமல் சொன்னால் அதற்கான மருந்தை முன்கூட்டியே தொடங்குவார்கள். மறைப்பது ஏன் என்றும் கேட்க வேண்டும். சொன்னால் அந்த நிமிடத்திலிருந்து 'குடிகாரக் கேஸ்' என்று கூப்பிடுவார்கள் என்ற பயம்தான்.

இரைப்பையின் மேல்பகுதியில் புடைத்த குழாய்க்கு வளையம் போதாது, அங்கே ஒருவகைப் பசையை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். அந்தப் பசைத் துணுக்கு ரத்தத்தோடு ஓடி நுரையீரலில் அடைப்பது அரிதாக நேரும். எதுவும் நிற்காதபோது பலூன் வைத்த குழாயை இறக்கி அழுத்தி வைப்பார்கள், ஒரு நாளுக்கு மேல் வைத்தால் உணவுக்குழாயே கிழியலாம், எனவே அது அடுத்த சிகிச்சை வரை தாக்குப்பிடிக்க மட்டும். கையெழுத்து வாங்கும் தாளில் இவையெல்லாம் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். நம் வீட்டுப் பெண் அதில் எந்த இடத்தில் கைநாட்டு வைக்க வேண்டும் என்பதை மட்டும் காட்டுவார்கள்.

இப்போது அந்த மூன்று வாரத் தேதி. ஒருமுறை கட்டுப் போட்டால் எல்லாக் குழாயும் அடங்காது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போட்டு, புடைப்பே இல்லை என்றாகும் வரை போக வேண்டும். பிறகு ஆறு மாதத்துக்கு, ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். கூடவே புரோப்ரனலால் அல்லது கார்வெடிலால் மாத்திரை. மலிவான மாத்திரை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இந்த இரண்டும் இல்லாமல் விட்டால் நூற்றில் அறுபது பேருக்கு ஓரிரு ஆண்டுக்குள் மறுபடி ரத்தம் வரும். மாத்திரை நாடித்துடிப்பையும் அழுத்தத்தையும் குறைக்கும். வெயிலில் கால்வாய் அள்ளுபவருக்கும் சித்தாள் வேலை செய்பவருக்கும் தலை சுற்றும். சுற்றினால் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டும், தானே திடீரென நிறுத்தக் கூடாது.

யார் போகிறார்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை? போனால் ஒரு நாள் கூலி போகும், கூட வருபவருக்கும் ஒரு நாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத்தில் பெருக்கவும் சுமக்கவும் இருப்பவர்கள், ஆவடி மாநகராட்சியிலும் பூந்தமல்லி, திருவேற்காடு நகராட்சிகளிலும் ஒப்பந்தக்காரர் பெயரில் குப்பை அள்ளுபவர்கள், இவர்களில் பலருக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவருக்கு முக்கால் சதவீதம் அவரிடமிருந்து, மூன்றேகால் சதவீதம் முதலாளியிடமிருந்து. பிடித்ததைக் கட்டுகிறார்களா என்பதே பலருக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால், நோய் விடுப்பில் இருக்கும் நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். இன்னொன்று இன்னும் பலருக்குத் தெரியாது. நீண்டகால நோய்கள் என்று இ.எஸ்.ஐ. வைத்திருக்கும் பட்டியலில் வயிற்றில் நீர் கட்டிய சிரோசிஸும் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்தவருக்கு இதன் கீழ் 80 சதவீதக் கூலி, இரண்டு ஆண்டு வரை நீட்டித்துக் கிடைக்கும். அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உள்ளன. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் தொழிலாளியைப் புதிய ஆளாகப் பதிந்து பழைய எண்ணை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் இந்த இரண்டு ஆண்டுத் தொடர்ச்சி அறுகிறது. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்தபோது, தனியாருக்கு விடாதே என்ற முழக்கத்துக்குள் இந்தக் கணக்கும் இருந்தது.

இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று வேண்டும். கூவம் கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் அத்திப்பட்டிலும் குடப்பாக்கத்திலும் அடுக்குமாடிகளில் போட்டவர்களுக்கு, ரேஷன் அட்டையில் பழைய முகவரி. வி.ஏ.ஓ.விடம் போனால் அங்கே போ என்பார், அங்கே போனால் இங்கே என்பார்கள். ரத்தம் கக்குவதற்கு முன்பே அட்டை வாங்கி வைத்துக்கொள்வது ஒன்றே வழி.

தூரம் இன்னொரு வில்லன். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்றிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய ரத்த வாந்தி என்றால் அங்கிருந்து கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி, அல்லது திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி என்று அனுப்பிவிடுவதே வழக்கம். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியின் செரிமானப் பிரிவு நெடுங்காலம் அண்ணா நகரில் உள்ள அரசு புற மருத்துவமனையில் இயங்கி வந்தது, பாடி மேம்பாலம் தாண்டினால் போதும் என்பதால் நம் பகுதிக்கு அது பெரிய ஆறுதல். ஆனாலும் சி.டி.எச். சாலையில் மாலை ஏழு மணிக்கு ஆவடியிலிருந்து கிளம்பிப் பாருங்கள். இத்தனை லட்சம் பேர் வாழும் மேற்குப் புறநகரில் ஒரே ஒரு அரசு மருத்துவமனையிலாவது இரவிலும் டியூப் விடும் வசதியும், டெர்லிப்ரெசின் ஊசியும், ரத்த வங்கியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது பேராசை அல்ல. அதுவரை அங்கிருந்து அனுப்பும் முன் முதல் ஊசியையும் ஆன்டிபயாடிக்கையும் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போடலாம். அதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை.

குடியைப் பற்றிப் பேசாமல் நான் நழுவுவதாக யாரும் சொல்லக் கூடாது. பேசுகிறேன். சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய தன் இதழில் பஞ்சசீலத்தை எடுத்துச் சொன்னார், அதில் மது மறுப்பும் ஒன்று. பாபாசாகேப் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு ஏற்ற 22 உறுதிமொழிகளில் குடிக்க மாட்டேன் என்பதும் இருக்கிறது. ஆக இது மேல்சாதி ஒழுக்கப் பாடம் அல்ல, நம் வீட்டுப் பேச்சு. ஆனால் சாக்கடைக்குள் இறங்கச் சொல்பவனே இறங்கும் முன் குவார்ட்டர் வாங்கிக் கொடுக்கிறான் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். 2003இலிருந்து அரசே சில்லறைக் கடை நடத்துகிறது என்பதையும் பேச வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் நம் மக்கள். அதற்கு அமைச்சர்கள் வந்தார்கள், நிவாரணம் வந்தது, விசாரணை வந்தது. சீல் உடைக்காத அரசு பாட்டிலைக் குடித்துப் பதினைந்து ஆண்டில் ஈரல் சுருங்கி, ரத்தம் கக்கிச் சாகிறவருக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இடமில்லை. கட்டுப் போட்ட வார்டிலிருந்து அனுப்பும்போது, அதே மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை. குடிக்காதே என்று திட்டி அனுப்புவது வைத்தியம் ஆகாது. நிறுத்தியவர்களுக்கு ஈரல் ஓரளவு தேறுகிறது, குழாயின் அழுத்தம்கூடக் குறைகிறது. எவ்வளவு கெட்டிருந்தாலும் நிறுத்துவதில் பலன் உண்டு என்பதைச் சொல்லி அனுப்பலாமே.

குப்பையில் கை வைக்கும் தொழிலாளிக்கு இன்னொரு ஆபத்து ஊசி. கிளினிக் குப்பையைப் பிரிக்காமல் தெருத் தொட்டியில் கொட்டுகிறார்கள், குத்திக்கொள்ளாத தூய்மைப் பணியாளர் இல்லை. பி வகை காமாலைக் கிருமி அந்த ஊசி நுனியில் வருகிறது. குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி நாடு முழுவதும் வந்தது 2011இல்தான், இன்று வேலையில் இருக்கும் பெரும்பாலோர் அதற்கு முன் பிறந்தவர்கள். மூன்று ஊசி போதும்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. 2018இலிருந்து தேசிய கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கையுறை கொடுத்துப் புகைப்படம் எடுக்கும் முகாம்களில் இந்த ஒரு ரத்தப் பரிசோதனையையும் ஊசியையும் சேர்த்தால் அந்த முகாமுக்கு ஒரு அர்த்தம் வரும். மாநகராட்சி ஒப்பந்தப் பத்திரத்தில் இது ஒரு வரியாக இருக்க வேண்டும், ஒப்பந்தக்காரர் செலவில்.

இப்போதைக்கு, கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்தவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் அவர் வீட்டில் ஒரு நாட்காட்டியில் கட்டுப் போட்ட தேதியைச் சுற்றி, அதிலிருந்து 14 நாளை எண்ணிக் கோடு போடுங்கள். அந்த நாட்களில் கனமான எதையும் தூக்கக் கூடாது, முக்கி மலம் கழிக்கக் கூடாது, ராத்திரி தனியாகப் படுக்க வைக்கக் கூடாது. கறுத்த மலம், எழுந்தால் கண் இருட்டுவது, வியர்த்துக் கொட்டுவது, தூக்கக் கலக்கமான பேச்சு, காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியாமை, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். ரத்தம் கக்கினால் மல்லாத்திப் படுக்க வைக்காமல் இடப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள், வாயில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். வண்டியில் ஏறும்போது பழைய சீட்டை மறக்காமல் எடுத்துப் போய், "கட்டுப் போட்டு இத்தனையாவது நாள்" என்று முதலில் பார்க்கும் டாக்டரிடம் சொல்லுங்கள்.